16 மணி நேரம்னு மட்டும் சொல்லாதீங்க தம்பி



எங்க பக்கம் இப்ப தெருவுக்கு ஒரு பிள்ளையாவது வெளிநாட்டுல இருக்கு. அதனால ஊர்ல ஒரு சாவு விழுந்தா, முதல் கேள்வியே "பையன் எப்ப வர்றான்?" என்பதுதான். அமெரிக்காவுல இருக்கிற பையன் போன்ல "ஃப்ளைட் 16 மணி நேரம்"னு சொல்லுவான். பெரியவங்க அதை வெச்சே கணக்குப் போட்டு, "நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடலாம்"னு முடிவு பண்ணிடுவாங்க. அவன் வந்து சேர முடியாது. அப்புறம் "பெத்தவனுக்குக் கொள்ளி வைக்கக்கூட வரலியே"ன்னு காலத்துக்கும் ஒரு பேச்சு.

கணக்கை ஒழுங்காப் போட்டுப் பார்ப்போம். சான் பிரான்சிஸ்கோவுல இருந்து சென்னைக்கு நேரா விமானம் கிடையாது. துபாய் வழியா வந்தா, துபாய் வரைக்கும் சுமார் 13,000 கிலோமீட்டர். அதுதான் அந்த 16 மணி நேரம். அதுக்கு முன்னாடி வீட்டுல இருந்து கிளம்பி விமானம் ஏற 4 மணி நேரம். துபாயில காத்திருப்பு 3. அங்கிருந்து சென்னைக்கு 4. சென்னையில வெளியே வர 1. விழுப்புரம் தாண்டி ஒரு கிராமம்னா கார்ல இன்னும் 4. மொத்தம் 32 மணி நேரம். டிக்கெட் கிடைக்கிற நேரம் இதுல சேரல.

கடிகாரமும் குழப்பும். கோடையில நாம அவங்களை விட பன்னிரண்டரை மணி நேரம் முன்னாடி. அவன் திங்கள் சாயங்காலம் 6 மணிக்குக் கிளம்பினா, நமக்கு அது செவ்வாய் காலை 6.30. ஊர் வந்து சேர புதன் மத்தியானம் 2.30 ஆயிடும்.

கிலோமீட்டரை வெச்சும் நேரம் சொல்லிட முடியாது. 2016 அக்டோபர்ல ஏர் இந்தியா, டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கம் விடாம பசிபிக் பக்கமா விட்டாங்க. தூரம் சுமார் 1,400 கிலோமீட்டர் கூடுதல். ஆனா நேரம் 2 மணி குறைஞ்சுது. உயரத்துல மேற்கே இருந்து கிழக்கே அடிக்கிற காத்து பின்னாடி இருந்து தள்ளுனதுதான் காரணம். ஆடிக் காத்துல சைக்கிள் மிதிச்சவங்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்ல.

"பொணத்தை ஒரு ராத்திரிக்கு மேல வைக்கக் கூடாது"ன்னு சிலர் சொல்றாங்க. அது பிள்ளைங்க பக்கத்து ஊர்ல இருந்த காலத்து வழக்கம். இப்பதான் ஐஸ் பெட்டி வாடகைக்குக் கிடைக்குதே, காத்திருக்கலாமேன்னு கேட்கலாம். ஆனா ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாம அந்தப் பெட்டி பக்கத்துலயே உட்கார்ந்திருக்கிற வயசான தாயையும் பார்க்கணும். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு.

அதனால என் கருத்து இதுதான். வெளிநாட்டுல இருக்கிற தம்பிங்க, தங்கச்சிங்க, விமான நேரத்தைச் சொல்லாம வாசல்ல இருந்து வாசல் வரைக்கும் ஆகுற நேரத்தைச் சொல்லுங்க. ஊர்க்காரங்களும் வர முடியாதவனைப் பாசம் இல்லாதவன்னு பேசுறதை நிறுத்தணும். எல்லாத்துக்கும் மேல, உயிரோட இருக்கும்போதே அப்பா அம்மாகிட்ட உட்கார்ந்து கேட்டு வெச்சுக்கங்க: காத்திருக்கணுமா, இல்ல இருக்கிறவங்க செஞ்சுடலாமா?

எங்க வீட்டுல நான் சொல்லிட்டேன். எனக்காக யாரும் ரெண்டு நாள் பட்டினி கிடக்க வேணாம். பையன் வந்து சேர முடியலன்னா, ரெண்டு தெரு தள்ளி இருக்கிற என் மக கொள்ளி வைக்கட்டும்.