கைதிகள் சூடிய நகை

புடவை மடிப்பில் குத்தும் புரூச்சுக்கும் சிறைவாசத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகியர் கேட்கலாம். வாக்குரிமை கோரி லண்டன் ஹாலோவே சிறை புகுந்த மாதர்க்கு 1909-இல் வெள்ளிப் புரூச் ஒன்று பரிசளிக்கப்பட்டது. அதனை வரைந்தவர் ஸில்வியா பாங்க்ஹர்ஸ்ட் அம்மையார். பார்லிமெண்டின் சின்னமாகிய கோட்டைவாயிற் கிராதி; அதன்மேல் ஊதா, வெள்ளை, பச்சை எனாமலில் கைதியுடையின் அம்புக்குறி. சர்க்கார் இட்ட இழிவையே அவர்கள் ஆபரணமாக்கிக் கொண்டார்கள்!

இன்று அம்மூன்று நிறக் கற்கள் பதித்த பழம் புரூச்சையெல்லாம் அவ்வியக்கத்தினது என்று விற்பாருண்டு. அந்நிறக் கற்கள் அக்காலத்துப் பொது நகைகளிலும் இருந்தன. தக்க சான்றின்றி நம்பலாகாது.

எனாமற் புரூச்சை நீரில் ஊற வைக்காதீர்கள். மெல்லிய உலர்ந்த துணியால் ஒற்றித் துடையுங்கள். ஊசியும் கொக்கியும் உறுதியா என்று பார்த்தபின், துணியை இரண்டாக மடித்துக் குத்துங்கள். பளபளப்புக்காக அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம். அம்பு அழிந்தபின் எஞ்சுவது வெறும் வெள்ளி என்பதே நாம் சொல்ல வந்தது.