பனியின் மேல் பழி போடாதீர்கள்



விடுமுறைக்குப் போனவர்கள் பனியில் சிக்கினார்கள் என்று செய்தி வந்தால் போதும், "இயற்கைச் சீற்றம், யார் என்ன செய்ய முடியும்?" என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. அறிவியல் நடத்தியவன் என்ற முறையில் கேட்கிறேன்: வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்த பனி எப்படி ஐயா திடீர்ச் சீற்றமாகும்?

பாகிஸ்தானில் முர்ரீ என்று ஒரு மலைவாசஸ்தலம். இஸ்லாமாபாத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான். 2022 ஜனவரி 7 இரவு, பனி பார்க்கப் போனவர்களின் கார்கள் சாலையிலேயே புதைந்தன. 22 பேர் இறந்தார்கள். அதில் 10 பேர் குழந்தைகள்.

கனமழையும் பனியும் வரும் என்று வானிலைத் துறை முன்பே எச்சரித்திருந்தது. அதே வாரம் அந்நாட்டுத் தகவல் துறை அமைச்சர் ட்விட்டரில் என்ன எழுதினார் தெரியுமா? முர்ரீக்குள் சுமார் ஒரு லட்சம் வண்டிகள் வந்திருக்கின்றன, மக்களிடம் வளம் பெருகியதற்கு இதுவே அடையாளம் என்று! வண்டியை எண்ணத் தெரிந்தவர்களுக்கு அடிவாரத்தில் நிறுத்தத் தெரியவில்லை. சாவு விழுந்த பிறகு பிரதமர் இம்ரான் கான், வானிலை பார்க்காமல் மக்கள் திரண்டதையும் ஒரு காரணமாகச் சொன்னார். செத்தவர்கள் தலையிலேயே பழி. ஆனால் விசாரணைக்குப் பின் 15 அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுத்தார்கள். பனி மட்டும் குற்றவாளி என்றால் இது எதற்கு?

எல்லோரும் குளிரில் விறைத்துச் சாகவில்லை. ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்போம். பனி புகைக்குழாயை அடைத்துவிடும். கார்பன் மோனாக்சைடு உள்ளே நுழையும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தூக்கம் வருவது போல இருக்கும், அவ்வளவுதான்.

பக்கத்து நாட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். 2024 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சற்று முன், மணாலிக்கு மேலே அடல் சுரங்கப் பாதை அருகே சுமார் ஆயிரம் வண்டிகள் பனியில் நின்றன. நம் ஊர்க் குடும்பங்களும் அந்த மலைக்குத்தானே போகின்றன? அன்று போலீஸார் மீட்டார்கள். ஒவ்வொரு முறையும் அந்த அதிர்ஷ்டம் இருக்குமா?

ஒரு மலைச்சாலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று கணக்குப் போடுங்கள். எச்சரிக்கை வந்த அன்றே அடிவாரத்தில் சாலையை மூடுங்கள். ஓட்டல்காரர் வருமானம் போகிறது என்று யார் கத்தினாலும் திறக்காதீர்கள். போகிறவர்களே, சிக்கிக்கொண்டால் முதலில் புகைக்குழாயைச் சுற்றிப் பனியை அள்ளுங்கள். அதுவரை இன்ஜினைத் தொடாதீர்கள்.

பனிக்குக் கண் கிடையாது. அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு இருக்கிறது.