இரண்டு எடைக்கல் வைத்திருக்கும் ஃபிபா!

மரக்காணம் உப்பளக் கரைக்கு ஒரு மாலை நேரம் போய்ப் பாருங்கள். பாத்திகளுக்கு அப்பால், வெடித்துக் கிடக்கும் களர் நிலத்தில் பிள்ளைகள் பந்து உதைத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு செங்கல்தான் கோல் கம்பம். ஒருவன் முதுகில் மெஸ்ஸி. இன்னொருவன் முதுகில் ஸலாஹ். காலில் பூட்ஸ் கிடையாது. ஆனால் சட்டம் உண்டு. யார் கையில் பட்டாலும் ஃபவுல்தான். முதலாளி வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நியாயம், உப்பு வாருகிறவர் பிள்ளைக்கு ஒரு நியாயம் என்று அங்கே இல்லை. அப்படி நடந்தால் ஆட்டமே நின்றுவிடும்!

இந்தச் சிறுவர்களுக்குத் தெரிந்த நியாயம் உலகக் கால்பந்தை ஆளும் ஃபிபாவுக்குத் தெரியவில்லை.

வணிகப் பெருமக்களே! வாங்கும்போது ஓர் எடைக்கல், விற்கும்போது வேறோர் எடைக்கல் வைத்திருப்பவனை நாம் என்ன பெயர் சொல்லி அழைப்போம்? எடையில் குறைப்பது பாவம் என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதே உரைகல்லில் ஃபிபாவை உரசிப் பார்ப்போம்.

1904-ல் பாரிஸ் நகரில் தொடங்கப்பட்டு, இன்று சுவிட்சர்லாந்தின் ஜூரிச்சிலிருந்து ஆட்சி செய்யும் இந்த அமைப்பில் 211 நாட்டுச் சங்கங்கள் உள்ளன. அவற்றை ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, வட-மத்திய அமெரிக்கா, ஓசியானியா என்று ஆறு சம்மேளனங்கள் பங்கு போட்டு நடத்துகின்றன. காகிதத்தில் எல்லாச் சங்கத்துக்கும் ஒரே ஓட்டு. நடப்பில் யார் கை ஓங்குகிறது?

நான்கே நாளில் ஒரு நீதி!

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. பிப்ரவரி 28 அன்று ரஷ்ய அணிகள் அனைத்தையும் ஃபிபாவும் ஐரோப்பியச் சம்மேளனமும் இடைநீக்கம் செய்தன. நான்கே நாள்! உக்ரைன் மக்களுக்குக் கிடைத்த இந்த நீதியைப் பார்த்து நாம் பொறாமைப்படவில்லை. ஆக்கிரமித்தவனைத் தண்டித்தது சரிதான். அதே எடைக்கல் காஸாவுக்கு வரும்போது எங்கே போனது என்பதே நம் கேள்வி.

பாலஸ்தீனம் 1998 முதல் ஃபிபாவின் உறுப்பினர். இஸ்ரேலைத் தடை செய்யக் கோரி 2024 மே மாதம் பாங்காக் மாநாட்டில் அதன் சங்கம் முறையிட்டது. ஆசியச் சம்மேளனமும் ஆதரித்தது. ஃபிபா என்ன செய்தது? வழக்கறிஞர்களின் கருத்தைக் கேட்போம் என்றது. தவணை மேல் தவணை! அக்டோபரில் ‘விசாரணை’ என்று சொல்லித் தன் குழுக்களின் மேசைக்குத் தள்ளிவிட்டது. அங்கே நான்கு நாளில் தீர்ப்பு. இங்கே ஐந்து மாதம் கழித்து விசாரணைக்கு உத்தரவு!

2025 ஆகஸ்டில் பாலஸ்தீன வீரர் சுலைமான் அல் உபைத் கொல்லப்பட்டார். உதவிப் பொருளுக்காகக் காத்திருந்தபோது இஸ்ரேலியத் தாக்குதலில் இறந்தார் என்று பாலஸ்தீனச் சங்கம் அறிவித்தது. ஐரோப்பியச் சம்மேளனம் அவருக்கு அஞ்சலி வெளியிட்டது. ஆனால் அவர் எப்படி இறந்தார் என்பதற்கு ஒரு சொல் இல்லை! எப்படி, எங்கே, ஏன் இறந்தார் என்று சொல்ல முடியுமா என முஹம்மத் ஸலாஹ் கேட்டார். அந்த ஒரு கேள்வி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது.

கிரிமியாவுக்கு ஒன்று, மேற்குக் கரைக்கு ஒன்று!

‘போர் வேறு, விளையாட்டு வேறு’ என்பார்கள். சரி, போரை விடுங்கள். ஃபிபாவின் சொந்தச் சட்டத்துக்கே வருவோம். ஒரு சங்கத்தின் எல்லைக்குள், அதன் சம்மதமில்லாமல் வேறொரு சங்கத்தின் கிளப் ஆடக் கூடாது. இதுதான் விதி.

2014-ல் கிரிமியாவைப் பிடித்த ரஷ்யா, அங்குள்ள மூன்று கிளப்புகளைத் தன் போட்டிகளில் சேர்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஐரோப்பியச் சம்மேளனம் அதைத் தடுத்துவிட்டது. ஆனால் மேற்குக் கரையின் சட்டவிரோதக் குடியேற்றங்களில் இருந்த ஆறு கிளப்புகள் இஸ்ரேலியப் போட்டிகளில் ஆடுவதை 2016-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அம்பலப்படுத்தியது. 2017 அக்டோபரில் ஃபிபா தந்த தீர்ப்பு என்ன தெரியுமா? நாங்கள் நடுநிலை, நடவடிக்கை இல்லை, விவகாரம் முடிந்தது!

அதே விதி, அதே குற்றம். எடைக்கல் மட்டும் வேறு. அரசியல் வேண்டாம் என்று ஓதும் இதே ஃபிபாதான் 2025 டிசம்பரில் ‘அமைதிப் பரிசு’ என்று புதிதாக ஒன்றை உண்டாக்கி அமெரிக்க அதிபர் டிரம்ப்பின் கையில் கொடுத்தது. இது அரசியல் இல்லையென்றால் எதுதான் அரசியல்?

தலைத்துணி தந்த பாடம்

அப்படியானால் ஃபிபாவை அசைக்கவே முடியாதா? முடியும். சகோதரிகளே, உங்கள் கதையே அதற்குச் சாட்சி.

2011 ஜூனில் ஜோர்டானின் அம்மான் நகரில் ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கு இறங்கிய ஈரான் பெண்கள் அணி, தலையை மூடியிருந்த காரணத்துக்காகவே ஆட விடாமல் தடுக்கப்பட்டது. கண்ணீரோடு மைதானத்தை விட்டு வெளியேறினார்கள் அந்தப் பெண்கள். கழுத்துக்கு ஆபத்து என்று காரணம் சொன்னார்கள். ஃபிபாவின் ஆசியத் துணைத் தலைவராக இருந்த ஜோர்டான் இளவரசர் அலீ பின் ஹுசைன் போராடினார். ஆசியச் சம்மேளனம் பின்னால் நின்றது. 2012-ல் சோதனை முறையில் அனுமதி. 2014-ல் நிரந்தர அனுமதி. சீக்கியரின் தலைப்பாகைக்கும் சேர்த்தே கதவு திறந்தது. 2023 பெண்கள் உலகக் கோப்பையில் மொராக்கோவின் நுஹைலா பென்ஸினா ஹிஜாபுடன் களமிறங்கினார். கழுத்துக்கு ஓர் ஆபத்தும் வரவில்லை!

ஆப்பிரிக்கா காட்டிய வழி

1966 உலகக் கோப்பையில் 16 இடங்கள். ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஓர் இடம்! ஆப்பிரிக்கச் சங்கங்கள் கெஞ்சவில்லை. ஒன்றுபட்டுப் புறக்கணித்தன. 1970-ல் ஆப்பிரிக்காவுக்குத் தனி இடம் கிடைத்தது. அந்த இடத்தில் போய் ஆடியது மொராக்கோ. அதே மொராக்கோ 2022-ல் அரையிறுதி வரை சென்றதை நாம் விழித்திருந்து பார்த்தோம்.

தென்னாப்பிரிக்க வெள்ளையர் சங்கத்தின் இடைநீக்கத்தை 1963-ல் ஃபிபா விலக்கியது. அப்போது தலைவர் ஆங்கிலேயர் ஸ்டான்லி ரூஸ். மறு ஆண்டே டோக்கியோ மாநாட்டில் ஆசிய, ஆப்பிரிக்க ஓட்டுகள் அந்தத் தடையை மீட்டு வந்தன. 1974-ல் ரூஸின் நாற்காலியே போயிற்று. 1976-ல் நிறவெறிச் சங்கம் வெளியேற்றப்பட்டது. விளையாட்டில் அரசியல் கூடாது என்ற பல்லவியை அன்றும் பாடினார்கள். பாட்டைக் கேட்டு யாரும் மயங்கவில்லை.

இன்று ஃபிபாவில் ஆசியாவுக்கு 46 ஓட்டு, ஆப்பிரிக்காவுக்கு 54 ஓட்டு. இரண்டும் சேர்ந்தால் நூறு! 211-ல் ஏறத்தாழப் பாதி. பலம் இல்லாமல் நாம் தோற்கவில்லை. பலத்தை விலைபேசுவதால் தோற்கிறோம்.

நம் தராசும் நேராக இருக்கட்டும்

இங்கே நம்மவர்களையும் கேட்டாக வேண்டும். 2022 உலகக் கோப்பை கத்தாரில் நடந்தது. 2034 கோப்பை சவூதிக்கு. எதிர்த்துப் போட்டியிட யாருமே இல்லை. பணமும் செல்வாக்கும் கையில் இருந்தும் பாலஸ்தீனத்துக்காக அதை எத்தனை பேர் மேசையில் வைத்தார்கள்? ஆசியச் சம்மேளனத் தலைவராக இருந்த கத்தாரின் பின் ஹம்மாம், ஃபிபாவில் வாழ்நாள் தடை பெற்றதை எந்த முகத்தோடு மறைப்பது?

அந்த மைதானங்களைக் கட்டியவர்கள் யார்? இந்தியா, நேபாளம், வங்கதேசத்திலிருந்து போன ஏழைத் தொழிலாளர்கள். அவர்களுக்கு இழப்பீடாகக் குறைந்தது 44 கோடி டாலர் ஒதுக்கும்படி 2022-ல் அம்னெஸ்டி கேட்டது. 2024-ல் ஃபிபா அறிவித்த 5 கோடி டாலர் நிதியும் சர்வதேச நிறுவனங்களின் திட்டங்களுக்கே போனது. நம் ஊர் வாலிபர்கள் வளைகுடா வெயிலில் உழைப்பவர்கள். முஸ்லிம் நாடு என்பதற்காக அவர்கள் வியர்வையை எடை குறைத்துப் போட நாம் சம்மதிக்கலாமா? கூடாது! நம் கேள்வி எந்த மதத்தாரையும் நோக்கியதல்ல; தராசு பிடித்த கையை நோக்கியது.

டெல்லியில் இருக்கும் ஓட்டு

அந்த 46-ல் ஒன்று இந்தியாவுடையது. 2022 ஆகஸ்டில் வெளியார் தலையீடு என்று சொல்லி இந்தியச் சம்மேளனத்தை ஃபிபா இடைநீக்கம் செய்தது. மாத இறுதிக்குள் தடை விலகியது. நாற்காலிச் சண்டை போட்டவர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆசியப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தான் வரை போய்விட்ட கோகுலம் கேரளா பெண்கள்தான் ஆடாமலே திரும்பினார்கள். தண்டிக்க வேண்டுமென்று நினைத்தால் ஃபிபாவுக்கு வேகம் வரும் என்பதற்கு இது நம் வீட்டுச் சாட்சி.

இளைஞர்களே! நள்ளிரவில் மேட்ச் பார்ப்பதோடு கடமை முடியவில்லை. பாலஸ்தீன முறையீட்டில் இந்தியாவின் நிலை என்ன என்று இந்தியச் சம்மேளனத்துக்குக் கடிதம் எழுதுங்கள். உங்கள் எம்.பி.யிடம் கேளுங்கள். வணிகர்களே! உப்பளக் கரையில் வெறுங்காலோடு ஆடும் பிள்ளைகளுக்கு ஒரு மைதானமும் ஒரு பயிற்சியாளரும் கிடைக்கக் கை கொடுங்கள். ஆண் பிள்ளைக்கு மட்டுமல்ல, பெண் பிள்ளைக்கும்!

உப்பை எந்தக் கல்லில் நிறுத்தாலும் எடை ஒன்றாக இருக்க வேண்டும். உயிருக்கும் அதுவே நியாயம். ஃபிபா தன் இரண்டாவது எடைக்கல்லைக் கடலில் எறியும் வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்!