குணமாகிவிட்டது என்று சொல்வதற்கு முன்

மூளைத் தமனியின் சுவர் ஓரிடத்தில் மெலிந்து, பழைய சைக்கிள் டியூப் புடைப்பதுபோல் புடைத்துக்கொள்வதை அன்யூரிசம் என்கிறார்கள். அது வெடித்தால் வரும் ஆபத்தைப் பற்றி நாம் ஓரளவு பேசுகிறோம். சிகிச்சைக்குப் பிறகு என்ன என்பதைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

முன்பு மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் கிளிப் மாட்டுவது ஒன்றே நம்பகமான வழியாக இருந்தது. 1990இல் லாஸ் ஏஞ்சலிஸில் குல்யெல்மியும் அவர் குழுவினரும், தொடைத் தமனி வழியாக நுண்குழாயைச் செலுத்திப் பிளாட்டினக் கம்பிச் சுருள்களால் புடைப்பை நிரப்பினார்கள். 2002இல் வெளிவந்த ஐசாட் ஆய்வில், வெடித்த அன்யூரிசம் உள்ள 2,143 பேர் பங்குபெற்றனர். ஓராண்டுக்குப் பின் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தவர்கள் கிளிப் தரப்பில் 30.6 விழுக்காடு, சுருள் தரப்பில் 23.7 விழுக்காடு. அதன்பின் சுருளே பரவலானதில் வியப்பில்லை.

ஆனால் சுருளுக்கு ஒரு குறை உண்டு. இரத்தம் மோத மோத அது அமுங்கி, புடைப்பின் கழுத்து மீண்டும் திறக்கலாம். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஓரளவாவது இப்படி நேர்கிறது. எல்லாருக்கும் மறுசிகிச்சை தேவைப்படாது. ஆனால் யாருக்குத் தேவை என்பது படம் எடுத்தால்தான் தெரியும். தலைவலிகூட இருக்காது. "உடம்பு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மறுபடியும் ஆஸ்பத்திரி?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பது இதனால்தான்.

அவர்கள் அஞ்சுவதிலும் நியாயம் இருக்கிறது. குழாய் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராம்தான் இன்றும் மிகத் துல்லியமானது. ஆனால் இடுப்பு மடிப்பிலோ மணிக்கட்டிலோ குத்த வேண்டும். சாய மருந்து, கதிர்வீச்சு, சிறிய அளவிலேனும் பக்கவாத அபாயம் எல்லாம் உண்டு. ஆகவே, சுருள் மட்டும் வைத்தவர்களுக்கு முதல் சோதனை எம்ஆர்ஐ ஆஞ்சியோவாகவே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஓடும் இரத்தமே அதில் வெண்மையாக ஒளிர்வதால், பெரும்பாலும் ஊசிகூட வேண்டாம், கதிர்வீச்சும் இல்லை. பிளாட்டினத்தைக் காந்தம் இழுப்பதுமில்லை. சந்தேகம் எழுந்தால் அப்போது குழாய்ச் சோதனைக்குப் போகலாம். எம்ஆர்ஐக்குக் காத்திருக்க வேண்டுமே என்பார்கள். காத்திருக்கலாம்; பயந்துகொண்டு வராமலே இருந்துவிடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இந்த விதி எல்லாருக்கும் பொருந்தாது. சிடி ஸ்கேனில் பிளாட்டினம் கோடுகோடாகச் சிதறி, பார்க்க வேண்டிய இடத்தையே மறைத்துவிடும். கிளிப் மாட்டியவர்களுக்கோ கதை தலைகீழ்: எம்ஆர்ஐயில் கிளிப்பைச் சுற்றிக் கறுப்பாகிவிடும், சிடி ஆஞ்சியோவே பெரும்பாலும் உதவும். ஸ்டென்ட்டோ, இரத்த ஓட்டத்தைத் திசைதிருப்பும் வலையோ வைத்திருந்தால், எம்ஆர்ஐ படத்தில் குழாய் இல்லாத அடைப்பு இருப்பதுபோல் தோன்றக்கூடும். ஆக, உள்ளே என்ன இருக்கிறது என்பதே எந்தப் படம் என்பதைத் தீர்மானிக்கிறது.

இங்கேதான் பல்கலைக்கழக மாணவர்களாகிய நமக்கு வேலை இருக்கிறது. மருத்துவமனைக் கடிதத்தை வீட்டில் படித்துச் சொல்பவர் பெரும்பாலும் நாம்தான். தேதியை மட்டும் சொல்லிவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். என்ன வைத்தார்கள், அடுத்த படம் எப்போது, குத்தாமல் எடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்டு, பதிலைத் தாத்தா பாட்டிக்குப் புரியும் தமிழில் சொல்ல மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

பல்லாண்டுகளுக்கு முன் கிளிப் மாட்டியவர் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பழைய எஃகுக் கிளிப்புகள் சிலவற்றைக் காந்தம் இழுக்கும். எம்ஆர்ஐ அறையில் கிளிப் நகர்ந்து நோயாளி இறந்த நிகழ்வு 1990களின் தொடக்கத்தில் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. எந்தக் கிளிப் என்று எழுதிய அறுவை அட்டை இப்போது எந்த அலமாரியில் கிடக்கிறது என்று இந்த விடுமுறைக்கு வீடு போகும்போது தேடிப் பாருங்கள்.