விற்ற பிறகும் தொடரும் அமானிதம்

நமது வர்த்தகர்களிடையே ஒரு பழக்கம் ஊறிப்போயுள்ளது. பணம் கைமாறி, பில் கிழித்துக் கொடுக்கப்பட்டுவிட்டால் அந்தப் பொருளுக்கும் தமக்கும் இருந்த உறவு முடிந்துவிட்டதாகவே பலர் கருதுகின்றனர். "விற்ற பொருட்கள் மீளப் பெறப்படமாட்டாது" என்ற வாசகத்தை பில்லின் அடியில் அச்சிட்டுக் கொண்டால் போதும், பொறுப்பிலிருந்து தப்பிவிடலாம் என்பது அவர்களது எண்ணம். பழுதென்று கூறி யாரேனும் பொருளைத் திருப்பிக் கொண்டு வந்தால் அது கடைக்கு ஏற்பட்ட அவமானமாகவே பார்க்கப்படுகிறது.

ஆனால், உலகின் மிகப் பெரிய வாகன உற்பத்திக் கம்பனிகள் விற்ற வாகனங்களைத் தாமாகவே பகிரங்கமாகத் திருப்பி அழைக்கின்றன. பாதுகாப்புக்குப் பாதகமான ஒரு குறை தெரியவரும்போது, வாங்கியவர்கள் அனைவருக்கும் அறிவித்து, இலவசமாகத் திருத்திக் கொடுப்பதையே 'ரீகோல்' என்கிறார்கள். அமெரிக்கச் சட்டப்படி இவ்வாறான குறையொன்றைக் கண்டறிந்த உற்பத்தியாளர் 5 வேலை நாட்களுக்குள் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு அறிவிக்க வேண்டும். வாகன உரிமையாளர்களும் தமது முறைப்பாடுகளை நேரடியாக அந்த நிறுவனத்துக்கு அனுப்பலாம். முறைப்பாடுகள் சேரும்போது விசாரணை ஆரம்பமாகும்.

இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது, அதில் எங்கே தவறு நேர்கிறது என்பதை விளங்கிக்கொள்ள ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியின் செவ்ரோலே போல்ட் என்ற மின்சாரக் காரின் கதை நல்லதோர் உதாரணம். அதில் நமது வியாபாரிகளுக்கும் கணிசமான பாடம் இருக்கிறது.

2016ஆம் ஆண்டின் இறுதியில் சந்தைக்கு வந்த போல்ட், சாதாரண மக்களும் வாங்கக்கூடிய விலையில் ஒருமுறை சார்ஜ் செய்தால் 238 மைல் ஓடும் கார் என்று பெயரெடுத்தது. அதன் பெட்டரிக் கலங்களை தென்கொரியாவின் எல்ஜி நிறுவனம் வழங்கியது. சில ஆண்டுகளில், நிறுத்தி வைக்கப்பட்டிருந்த கார்கள் சில தீப்பற்றியதாக முறைப்பாடுகள் வரத் தொடங்கின. 2020 ஒக்டோபரில் மேற்கூறிய அரச நிறுவனம் விசாரணையை ஆரம்பித்தது. அடுத்த மாதமே, 2017 முதல் 2019 வரையான மாதிரிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 69 ஆயிரம் கார்களை ஜெனரல் மோட்டோர்ஸ் திருப்பி அழைத்தது. எல்ஜியின் கொரியத் தொழிற்சாலையொன்றில் தயாரான கலங்களைக் கொண்ட கார்களே அவை.

இதுவரை எல்லாம் முறையாகவே நடந்தன. அடுத்து நடந்ததைத்தான் நாம் அவதானிக்க வேண்டும்.

தீ ஏன் பற்றுகிறது என்பதற்கான உறுதியான காரணம் அப்போது கண்டறியப்பட்டிருக்கவில்லை. முழுமையாக, அல்லது கிட்டத்தட்ட முழுமையாக சார்ஜ் ஏறிய நிலையிலேயே ஆபத்து என்பது மட்டும் தெரிந்திருந்தது. எனவே, சார்ஜ் 90 சதவீதத்தைத் தாண்டாமல் தடுக்கும் மென்பொருள் ஒன்றைத் தற்காலிகமாக ஏற்றிக் கொடுத்தார்கள். 2021 ஏப்ரலில், பெட்டரியின் கோளாறுகளை முன்கூட்டியே கண்டறியும் புதிய மென்பொருள் ஒன்றை இறுதித் தீர்வாக அறிவித்து, 90 சதவீதக் கட்டுப்பாட்டையும் நீக்கினார்கள். பெட்டரியை மாற்றுவதோடு ஒப்பிட்டால் மென்பொருள் ஏற்றுவது மிகவும் மலிவான காரியம். வாடிக்கையாளர்களும் பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியடைந்தனர்.

அந்த நிம்மதி மூன்று மாதங்கள் கூட நீடிக்கவில்லை. இந்தத் தீர்வைப் பெற்றுக்கொண்ட கார்களே தீப்பற்றின. 2021 ஜுலை முதலாம் திகதி தீப்பற்றியது வெர்மொண்ட் மாநில சட்டசபை உறுப்பினர் ஒருவரின் கார்; வீட்டு வளவில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தபோது அது எரிந்தது. அதே மாதம் அதே 69 ஆயிரம் கார்களும் இரண்டாவது தடவையாகத் திருப்பி அழைக்கப்பட்டன. அதற்கான செலவு 800 மில்லியன் டொலர் எனக் கணிக்கப்பட்டது. ஓகஸ்டில் மேலும் 73 ஆயிரம் கார்கள் சேர்க்கப்பட்டன. அத்துடன், அதுவரை தயாரிக்கப்பட்ட சகல போல்ட் கார்களும், மொத்தம் 1 இலட்சத்து 42 ஆயிரமளவில், அழைப்புக்குள் வந்துவிட்டன. மேலதிகச் செலவு இன்னுமொரு பில்லியன் டொலர்.

காரணம் பின்னரே தெளிவாகியது. கலத்தின் உள்ளே நேர், எதிர் மின்வாய்கள் ஒன்றையொன்று தொடாமலிருக்க மெல்லிய தடுப்புத் தாளொன்று வைக்கப்படுகிறது. தயாரிப்பின்போது எதிர்மின்வாயின் இணைப்புத் தகடு கிழிந்தும், இந்தத் தடுப்புத் தாள் மடிந்தும் போயிருந்த கலங்கள் சில இருந்தன. இவ்விரு குறைகளும் ஒரே கலத்தில் சேர்ந்துவிட்டால் உள்ளே மின் ஒழுக்கு ஏற்பட்டுத் தீப்பற்றும் அபாயம் உண்டு. முதலில் சந்தேகிக்கப்பட்ட ஒரு தொழிற்சாலைக்கு மட்டும் உரிய குறையல்ல இது. எல்ஜியின் வேறு தொழிற்சாலைகளில் தயாரான கலங்களிலும் அது இருந்தது. எனவே பெட்டரித் தொகுதிகளையே மாற்றுவதென்று முடிவெடுக்க வேண்டியதாயிற்று.

உரிமையாளர்கள் அனுபவித்த சிரமம் கொஞ்சமல்ல. இரவில் ஆளில்லாமல் சார்ஜ் போட வேண்டாம், கராஜுக்குள் நிறுத்த வேண்டாம், 90 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம், மீதி 70 மைலுக்குக் கீழே இறங்க விடவும் வேண்டாம் என்று அடுக்கடுக்காக அறிவுறுத்தல்கள் வந்தன. மற்ற வாகனங்களிலிருந்து 50 அடி தள்ளி நிறுத்துமாறும் 2021 செப்டெம்பரில் கூறப்பட்டது. அடுக்குமாடியில் குடியிருப்பவர் 50 அடி வெற்றிடத்துக்கு எங்கே போவார்? முழு விலை கொடுத்து வாங்கியவர் பாதிப் பயனையே பெற்றார். வழக்குகள் தொடரப்பட்டன. ஒரு கூட்டு வழக்கு 2024இல் 150 மில்லியன் டொலர் இணக்கத் தீர்வில் முடிந்தது.

எரிந்த கார்களின் எண்ணிக்கை விற்ற எண்ணிக்கையோடு ஒப்பிடுகையில் மிகச் சொற்பமே. ஆயினும், எந்தக் கார் எரியும் என்று யாராலும் சொல்ல முடியாதிருந்த காரணத்தால் எல்லோருக்கும் தூக்கம் கெட்டது.

2020 நவம்பரில் கம்பனி வேண்டுமென்றே எதையும் மறைத்தது என்று நாம் கூற வரவில்லை. குறை இருக்கிறது என்பதை அவர்கள் பகிரங்கமாக ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் காரணத்தைக் கண்டறியாமலேயே தீர்வை அறிவித்தார்கள். அந்த அவசரத்தின் விலை பணமாகவும் நம்பிக்கையாகவும் அறவிடப்பட்டது. நமது கடைகளில் நாளாந்தம் நடப்பதும் இதுவே. சூடேறுகிறது என்று ஒருவர் மின்னுபகரணத்தைக் கொண்டு வருகிறார். வயரை மாற்றிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அதே பெட்டியில் வந்த மற்ற 40 உபகரணங்கள் பற்றி யோசிப்பதில்லை. அவை வேறு வீடுகளின் சமையலறைகளில் இருக்கின்றன.

இரண்டாவது பாடம் பதிவேடு பற்றியது. எந்தக் காரில் எங்கே தயாரான கலம் பொருத்தப்பட்டிருக்கிறது, அந்தக் கார் யாரிடம் இருக்கிறது என்பதை ஜெனரல் மோட்டோர்ஸினால் இலக்கம் இலக்கமாகச் சொல்ல முடிந்தது. குறை யாருடைய உற்பத்தியில் நேர்ந்தது என்பதும் ஆய்வின் மூலம் தெளிவானது. அதனால்தான் 2021 ஒக்டோபரில், ஏறத்தாழ 2 பில்லியன் டொலர் செலவில் 1.9 பில்லியனை எல்ஜியிடமிருந்து மீளப் பெறும் உடன்பாட்டுக்கு அதனால் வர முடிந்தது. மொத்த வியாபாரியிடம் துண்டுச் சீட்டில் கணக்கு எழுதி வாங்கும் நமது சகோதரர் ஒருவர், பழுதான சரக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனால் என்ன அத்தாட்சியைக் காட்டுவார்?

இஸ்லாமிய வியாபார ஒழுக்கத்தை அறிந்தவர்களுக்கு இவை புதிய விடயங்களல்ல. மதீனாச் சந்தையில் தானியக் குவியலொன்றினுள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும் வகையில் மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்ததற்காக அந்த வியாபாரி கண்டிக்கப்படவில்லை. ஈரத்தை அடியில் வைத்ததற்காகவே கண்டிக்கப்பட்டார். விற்கும்போதே இருந்த குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதை ஃபிக்ஹ் நூல்கள் 'கியாருல் ஐப்' என்ற தலைப்பில் விரிவாகப் பேசுகின்றன. பில்லின் அடியில் அச்சிட்ட ஒரு வரி அந்த உரிமையை அழித்துவிடுமா என்பதை உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுப் பாருங்கள். நாட்டின் சட்டமும் விற்பனையாளரை முற்றாக விட்டுவிடவில்லை. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் பொருளின் தரம் பற்றிப் பேசுகிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இயங்குகிறது.

துணி வியாபாரியாக இருந்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வாழ்விலும் ஒரு 'ரீகோல்' சம்பவம் உண்டு. குறையுள்ள துணியொன்றைக் காட்டி, வாங்குபவரிடம் அதைச் சொல்லியே விற்க வேண்டும் என்று தமது பங்காளியிடம் கூறியிருந்தார்கள். பங்காளி மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. விடயம் தெரிந்ததும் இமாமவர்கள் அந்த விற்பனையில் கிடைத்த பணத்தை முழுவதுமாக ஸதகா செய்துவிட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வாங்கியவரைத் தேட வழியிருந்தால் முதலில் அவரையே தேடியிருப்பார்கள். இன்று நமது கையில் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. நாம் ஏன் அதை எழுதி வைத்துக்கொள்வதில்லை?

பாவித்த வாகனங்களை இறக்கி விற்கும் நமது சகோதரர்களுக்கு இந்த விடயம் நேரடியாகவே பொருந்தும். 2015ஆம் ஆண்டளவில், தீர்வை குறைவாக இருந்த காலத்தில், பாவித்த நிஸான் லீஃப் மின்சாரக் கார்கள் இந்நாட்டுக்குப் பெருந்தொகையாக வந்திறங்கின. அந்தக் காரின் பெட்டரியைக் குளிரூட்டத் திரவ ஏற்பாடு கிடையாது. உஷ்ணமான அரிஸோனா மாநிலத்தில் பெட்டரியின் கொள்ளளவு வேகமாகக் குறைவதாக உரிமையாளர்கள் 2012இலேயே முறையிட்டிருந்தனர். அதன் பிறகே, 5 வருடம் அல்லது 60 ஆயிரம் மைலுக்குள் 12 கோடுகளில் 9க்குக் கீழே குறைந்தால் திருத்தித் தருவதாக நிஸான் அங்கே உத்தரவாதம் வழங்கியது. அமெரிக்க வாடிக்கையாளருக்குக் கொடுத்த அந்த உத்தரவாதம், கப்பலேறி இங்கு வந்த பாவித்த காருக்குக் கிடைக்கவில்லை. இங்கே வாங்கியவருக்கு இருந்த ஒரே உத்தரவாதம் விற்றவரின் நாணயம்தான்.

2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறந்துவிடப்பட்டுள்ளது. எனவே விற்பவர்கள் சில விடயங்களை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது. செஸி இலக்கத்தை வைத்து, அந்த வாகனத்துக்குத் திருப்பி அழைப்பு ஏதும் உண்டா என்று உற்பத்தியாளரின் விபரங்களில் பார்த்துவிடலாம். பெட்டரியைப் பரிசோதித்து அறிக்கையை வாங்குபவரின் கையில் கொடுக்கலாம். நிறைவேற்றப்படாத அழைப்பு இருந்தால் அதையும் எழுத்தில் சொல்லி விலையைக் குறைத்துக் கொடுக்கலாம். உண்மையைச் சொன்னால் இலாபம் குறையும் என்பது சரிதான். அந்தக் குறைந்த விலையே அந்தப் பொருளின் நியாயமான விலை.

"அவர்களிடம் பில்லியன் கணக்கில் பணம் இருக்கிறது, நாங்கள் சிறு வியாபாரிகள்" என்று சிலர் சொல்லக்கூடும். அது நியாயமான ஆட்சேபனை. 142 ஆயிரம் பெட்டரிகளை மாற்ற நம்மால் முடியாது. ஆனால் நாம் விற்பதும் 142 ஆயிரமல்ல. 40 பேருக்குத் தொலைபேசி எடுக்க ஒரு பிற்பகல் போதும். குறையுள்ள சரக்கை ராக்கையிலிருந்து இறக்கி வைக்கச் செலவே இல்லை. ஜெனரல் மோட்டோர்ஸ் விற்பனையை நிறுத்தி, 2021 ஓகஸ்ட் முதல் 2022 ஏப்ரல் வரை உற்பத்தியையே பெரும்பாலும் முடக்கி வைத்ததை நினைத்துப் பார்த்தால் நமது இழப்பு எவ்வளவு சிறியது என்பது புரியும்.

போல்ட்டின் கதை தோல்வியில் முடியவுமில்லை. பழைய கார்களுக்குப் பொருத்தப்பட்ட புதிய பெட்டரி, 238 மைல் ஓடிய காரை 259 மைல் ஓடச் செய்தது. அதற்குப் புதிதாக 8 வருட உத்தரவாதமும் கிடைத்தது. விலைக் குறைப்பும் அரசின் வரிச் சலுகையும் கைகொடுக்க, 2023இல் அமெரிக்காவில் மட்டும் 62 ஆயிரம் போல்ட் கார்கள் விற்பனையாகின. தீப்பற்றும் கார் என்று பெயர் கெட்ட அதே வாகனம் மக்களிடம் மீண்டும் விலைபோயிற்று. மக்கள் குறையை மன்னிக்கத் தயாராகவே இருக்கிறார்கள். முழுமையாகத் திருத்திக் கொடுத்தவரிடம் மீண்டும் வருகிறார்கள்.

நமது கடையில் பொருள் வாங்கிச் சென்றவர் தன் வீட்டுக்குள், தன் பிள்ளைகள் உறங்கும் இடத்துக்கு அதைக் கொண்டு செல்கிறார். அதில் ஆபத்து இருப்பது நமக்குத் தெரிந்த கணத்திலிருந்து அந்தத் தகவல் அவருக்குச் சொந்தமானது. நம்மிடம் இருக்கும் அமானிதம் அது. அதை உரியவரிடம் ஒப்படைக்கப் பிந்தும் ஒவ்வொரு நாளுக்கும் நாம் பொறுப்பாளிகள்.