பீரோ சாவி யார் கையில்?

விக்கிரமங்கலம் தோழர்களே, ஒரு கேள்வி. உங்க பிள்ளை இந்த மாசம் பள்ளி நூலகத்திலிருந்து என்ன புத்தகம் எடுத்துட்டு வந்துச்சு? தெரியலைன்னா இன்னைக்கே கேளுங்க.

'நுழை, நட, ஓடு, பற' என்று வாசிப்பு இயக்கம் 2023-இல் அரசுப் பள்ளிகளுக்குப் புத்தகம் தந்தது. 6 முதல் 9ஆம் வகுப்புக்குத் 'தேன்சிட்டு' இதழும் உண்டு. கிழிஞ்சிடும், தொலைஞ்சிடும்னு பயந்து பீரோவில் பூட்டினால் என்ன பயன்? கரையான் அரிப்பதைவிட, பிள்ளைகள் படிச்சுக் கிழியட்டும்!

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. 'வாரம் ஒரு புத்தகம் வீட்டுக்கு', 'நூலகப் பாடவேளையில் வேறு பாடம் கூடாது' என்று தீர்மானம் போடச் சொல்லுங்க.

நமக்கும் ஒரு வேலை இருக்கு. அடுத்த நிகழ்ச்சியில் பொன்னாடை வேண்டாம். புத்தகம் கொடுப்போம், அதைப் பள்ளியில் சேர்ப்போம்.

#பூட்டைத்_திறப்போம்