பிளாட்டினத்துக்கு அடியில் ஒரு கார்பைடு

துளைக்கருவிகளின் முனையில் இருக்கும் டங்ஸ்டன் கார்பைடு, சில வேதிவினைகளில் பிளாட்டினத்தைப் போலவே நடந்துகொள்கிறது என்று 1973இல் லெவி, பூடார் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். எரிபொருள் மின்கலத்தில் வினையூக்கியாக இருக்கும் பிளாட்டினத்தை முற்றிலும் விலக்கிவிடலாம் என்ற கனவு அதிலிருந்து வலுப்பெற்றது. கனவில் நியாயம் உண்டு: அந்த உலோகத்தின் பெரும்பகுதி தென்னாப்பிரிக்கா என்ற ஒரே நாட்டின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. ஆனால் ஹைட்ரஜனைப் பிளக்கும் வேகத்தில் கார்பைடு வெகுவாகப் பின்தங்குகிறது. ஆக்சிஜன் பக்கத்து அமிலச் சூழலில் அதன் மேற்பரப்பே ஆக்சைடாக மாறிவிடுகிறது. அப்படியானால் கைவிட்டுவிடலாமே என்று கேட்பார்கள். கூடாது என்பேன். கார்பைடின் மேல் ஓரணுத் தடிமனில் பிளாட்டினத்தைப் படியவிட்டால், நீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் வினையில் அது ஏறத்தாழ முழுப் பிளாட்டினமாகவே இயங்குவதை ஆய்வகங்கள் கண்டிருக்கின்றன. வினையில் பங்கே பெறாமல் துகளுக்குள் புதைந்து கிடக்கும் விலையுயர்ந்த அணுக்களை மிச்சப்படுத்தும் இந்த வழிக்குத்தான் ஆய்வுப் பணம் முதலில் போக வேண்டும்.